குட்டி லேப்டாப் கேட்ட பெண்ணுக்குக் கொடுத்த கழட்டிமாட்டி

போன வாரம் கடையிலிருந்து பிரியா கூப்பிட்டாள். குன்னூர் கடைவீதியில் நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருபவள் அவள். "சரோஜாக்கா, கஸ்டமர் முன்னாலயே நிக்கறாருங்க. கீபோர்டு கழட்டற டேப்லெட் நல்லதா, சின்ன லேப்டாப் நல்லதான்னு கேக்கறாரு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெலைங்க்கா. என்னன்னு சொல்லட்டும்?"

"லேப்டாப்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, கோவமா? காரணம் கேட்டாரு, எனக்குச் சொல்லத் தெரியலீங்க." கோபம்தான். அவள் மேல் இல்லை. காரணம் சொல்லாமல் நழுவுவது எனக்குப் பழைய வழக்கம், அதை நினைத்து வந்த கோபம். அதனால் இங்கே முழுக் காரணத்தையும் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், எஸ்டேட்டின் பெயரை எழுதவே போவதில்லை.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு கல்யாணம் செய்து குன்னூருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு அருவங்காட்டில் வேலை. நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, இன்ஸ்டிடியூட் படுத்தது. அதே கட்டிடத்தின் கீழே பொன்னுசாமி என்பவர் கம்ப்யூட்டர் விற்பனையும் ரிப்பேரும் சேர்ந்த கடை வைத்தார். டைப் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போனேன். விற்பனை செய்தபடியே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவும் பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் ஒரே மெரூன் கலர் அரைக்கை ஸ்வெட்டர் போடுவார். யாரிடமும் "வாங்கிக்குங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆள் வந்தால் முதலில் உட்கார வைப்பார். பிறகு கவுன்டரில் விரித்திருந்த கறுப்பு ரப்பர் ஷீட்டின் மேல் சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு இழுப்பார். இடது பக்கம் டேப்லெட், வலது பக்கம் லேப்டாப். கீபோர்டைக் கழற்றி மாட்டும் அந்த டேப்லெட்டுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் அதை "கழட்டிமாட்டி" என்றோம். குன்னூரில் பாதிப் பேர் அப்படியே கேட்டு வந்தார்கள்.

கோடு போட்ட பிறகு ஐந்து கேள்வி. எங்கே வைத்து வேலை செய்வீர்கள்? வீட்டில் கரண்ட் எப்படி? சிக்னல் எங்கே கிடைக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு டைப் அடிப்பீர்கள்? கெட்டுப்போனால் யாரிடம் கொண்டு போவீர்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் கோட்டின் இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு ஸ்க்ரூ வைப்பார். கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டு ஸ்க்ரூ. "கெட்டுப்போறது உறுதிங்க. எப்பன்னுதான் நமக்குத் தெரியாது" என்பார். எந்தப் பக்கம் ஸ்க்ரூ அதிகமோ அந்த மெஷின். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் வாங்குபவரின் ஆசைப்படி. அந்தக் கடையில் அது சட்டம் மாதிரி.

சும்மா சொல்லக் கூடாது, கழட்டிமாட்டி லேசானது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்னப் பையில்கூட வைத்துக்கொள்ளலாம். சிம் போடலாம். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். உள்ளே ஃபேன் கிடையாது. டீ ஃபேக்டரி ஆபீஸ்களில் அது பெரிய விஷயம். லேப்டாப்பை அங்கே ஆறு மாதம் வைத்துவிட்டுத் திறந்தால் ஃபேன் முழுக்கத் தேயிலைத் தூசி பஞ்சு பஞ்சாக அடைத்திருக்கும். போதாததற்கு கதகதப்புக்காக கரப்பான் குடும்பத்தோடு குடியேறியிருக்கும்.

குறைகளும் உண்டு. பின்னால் இருக்கும் தகட்டுக்காலில் அது மேஜை மேல்தான் நிற்கும், மடியில் வைத்தால் மல்லாந்துவிடும். கீபோர்டு ஒட்டும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளை முனைகளில் பனி ஈரம் பட்டுப் பட்டு பச்சை பூக்கும். இருப்பது ஒரே துளை. அதில் சார்ஜ் போட்டால் பென் டிரைவ் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திறக்க முடியாது. பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பேட்டரி உள்ளேயே, மெமரி போர்டோடு போர்டாக. குட்டி லேப்டாப் கனம், சத்தம் போடும், கீல் உடையும். ஆனால் அடியில் இருக்கும் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். பத்து ஸ்க்ரூவைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையில். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது இல்லை. யார் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்குத் தெரியும்.

அது தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். சிறு விவசாயிகள் கொழுந்தைப் பறிக்கக் கூலி கட்டாது என்று செடியிலேயே முற்ற விட்டார்கள். எஸ்டேட்களில் வாரம் ஆறு நாள் வேலை மூன்று நாளானது. ஃபேக்டரிகள் ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் ஓடாது. எங்கள் கடைக்கு முன்பெல்லாம் எஸ்டேட் ஆபீசர்களும் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்காரர்களும் வருவார்கள். அந்த இரண்டு வருடங்களில் வந்தவர்கள் தொழிலாளர்கள். பறிக்கிற அம்மாவும் படித்த மகளும் ஜோடியாக வந்து கவுன்டர் முன் நிற்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்து விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் விற்றேன்.

இனி என் யோசனையைப் பற்றி. இதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இந்த மலையில் ஆடி பிறந்தால் வெயில் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது. எதுவும் காயாது. அதனால் ஃபேக்டரி பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளின் யூனிஃபார்மிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாவற்றையும் தேயிலை வறுக்கும் டிரையர் ரூமில்தான் காயவைப்பார்கள். நனைந்து செத்துப்போன ஒரு ரேடியோவை ஒருவர் அப்படிக் காயவைத்து உயிர்ப்பித்ததை நான் பார்த்தேன். அதை லேப்டாப்புக்கும் கொண்டு வந்தவள் நான்தான். மெஷினை ஒப்படைக்கும்போது ஒவ்வொருவருக்கும் சொல்வேன்: "நனைஞ்சுதுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. பேட்டரியைக் கழட்டித் தனியா வெச்சிருங்க. மெஷினைக் கவுத்துங்க. பக்கத்துல ஃபேக்டரி இருந்தா டிரையர் ரூம்ல ஒரு பகல் வெச்சிருங்க." இப்படிப் பிழைத்த லேப்டாப்கள் நிறைய. மற்ற கடைக்காரர்களும் இதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

புஷ்பராணி கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அப்பாவோடு வந்தாள். இருபத்தோரு வயது இருக்கும். அப்பா கதிரேசன், சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர்காரர், முப்பது வருட சர்வீஸ். ஃபேக்டரியை அவர் "இஸ்டோரு" என்றார். அங்கே அவர்கள் பேச்சில் ஃபேக்டரி இஸ்டோருதான்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி பழைய கையெழுத்துப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் வேலையை வீட்டிலிருந்தே செய்யக் கொடுக்கிறது. முதலில் பத்து நாள் சோதனை வேலை. முந்நூறு பக்கங்களை அடித்து, ஒரே கோப்பாகப் பத்தாம் நாள் அனுப்ப வேண்டும். தேறினால் நிரந்தரம். ஃபேக்டரியில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. இவள் தேறிவிட்டால் அப்பா வேலை போனாலும் குடும்பம் மலையிலேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் எல்லோரும் திருப்பூருக்கு இறங்க வேண்டியதுதான். ஒரு பசுமாட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்கள்.

முதலாளி அன்று சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். நானே கோடு போட்டேன். எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, இடம் குறைவு, மேஜைக்குப் பதில் தட்டையான பெட்டி மேல் வைத்துத்தான் வேலை என்றாள். அடிக்கடி கரண்ட் போகும். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். மூன்று ஸ்க்ரூவும் கழட்டிமாட்டிப் பக்கம் போயின. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடிக்க வேண்டும் என்றாள். அது லேப்டாப் பக்கம். கெட்டுப்போனால் இந்தக் கடையை விட்டால் வேறு நாதியில்லை. இரண்டு ஸ்க்ரூ லேப்டாப் பக்கம். மூன்றுக்கு மூன்று.

"நான் லேப்டாப்தான் நெனச்சுட்டு வந்தேங்க்கா" என்றாள் புஷ்பா. "காலேஜ்ல அதுலதான் அடிச்சுப் பழக்கம்."

சட்டப்படி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் முடிக்கவில்லை. "அந்தக் கனத்தைத் தூக்கிட்டு தெனமும் மேடு ஏறுவியா கண்ணு? இதுக்கு சிம் இருக்குது, பேட்டரி ஒரு பகல் நிக்கும். டவுன்ல இருக்கறவங்களுக்குத்தான் லேப்டாப்பு" என்று கழட்டிமாட்டியை அவள் கையில் கொடுத்து, கீபோர்டை ஒட்டிக் காட்டினேன். டக்கென்று ஒட்டும் அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கும். முதலாளி சொல்லி நான் தள்ளிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற திமிர், அவ்வளவுதான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "அம்மா சொல்றாங்கல்ல, தெரியாமயா சொல்லுவாங்க" என்றார்.

பில் போட்டேன். வழக்கமான புத்திமதிகளை ஒப்பித்தேன். "நனைஞ்சுதுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க" என்றேன். அடுத்து "பேட்டரியைக் கழட்டி" என்று வாயில் வந்தது. இதில்தான் கழற்ற முடியாதே என்று, கழட்டிமாட்டி வாங்குகிற எல்லோரிடமும் செய்வது போல அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, "கவுத்து வெச்சு டிரையர் ரூம்ல ஒரு பகல் வெச்சிருங்க" என்று முடித்தேன். கழற்ற முடியாத பேட்டரி உள்ளே இருக்கும்போது சூட்டுப் பக்கமே கொண்டு போகக் கூடாது என்பது அன்று வரை என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு வரியை விட்டவள் அதற்கு அடுத்த வரியையும் விட்டிருக்க வேண்டும்.

டிரையர் என்றதும் கதிரேசன் முகம் மலர்ந்துவிட்டது. "அத எங்கிட்ட விட்டுருங்கம்மா. மீட்டரு பாக்காமலே கையை நீட்டி இத்தன டிகிரின்னு சொல்லிருவேன். இஸ்டோர மேப்பாக்குற எங்க டீ மேக்கரே என்னயக் கேட்டுட்டுத்தான் மீட்டரப் பாப்பாரு" என்று வலது கையை விரித்துக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல். புஷ்பா இருநூற்று எண்பது பக்கம் முடித்துவிட்டாள். கம்பெனியில் ஏதோ சந்தேகம் கேட்க மேட்டுக்கு ஏறியிருக்கிறாள். பனிமூட்டம் இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. செடிகளுக்கு நடுவே ஓடி இறங்கும்போது சறுக்கி, பையோடு கானில் விழுந்துவிட்டாள். கான் என்றால் தேயிலைக் காட்டில் மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்கால். தண்ணீர் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஃபேக்டரி ஓடும் நாள். அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறார்கள். விடிந்ததும் கதிரேசன் அதை மல் துணியில் சுற்றிக்கொண்டு போனார். டிரையரிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு பலகை போட்டு, கவிழ்த்து வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் திருப்பி வைத்திருக்கிறார். கை நீட்டி நீட்டிச் சூடு பார்த்திருக்கிறார். நான் சொன்னபடி எல்லாம் செய்தார். நான் சொன்னதைவிட நூறு மடங்கு பக்குவமாகச் செய்தார்.

மதியத்துக்கு மேல் இருவரும் கடைக்கு வந்தார்கள். கதிரேசன் துணியைப் பிரித்தார். கழட்டிமாட்டி பூரி மாதிரி உப்பியிருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் பிளந்து நின்றது.

"சத்தம் ஒண்ணு வந்துச்சுங்கம்மா. பாத்தா இப்பிடி ஆயிருச்சு" என்றார் கதிரேசன்.

"உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக் குடுத்துருங்க அக்கா. மெஷின் போனாப் போகுது" என்றாள் புஷ்பா. "இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். மிச்சம் இருவது பக்கத்த இங்கயே ஒக்காந்து அடிச்சுருவேன்."

அப்போது மணி இரண்டரை. கவுன்டரில் வெள்ளைத் துணி விரித்து ஆரம்பித்தேன். ஹேர் டிரையரைக்கூட எடுக்கப் பயம், ஏற்கெனவே பட்ட சூடு போதும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்து, பசையை நூல் நூலாகப் பிரித்தேன். உப்பிய பேட்டரியில் தகடு குத்திவிட்டால் அங்கேயே புகைந்துவிடும். ஒரு பக்கம் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. புஷ்பா எதிரே நின்றுகொண்டு என் விரலையே பார்த்தாள். கதிரேசன் வாசற்படியில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

கண்ணாடியைத் தூக்கினேன். பேட்டரியின் வயரை எடுத்துவிட்டேன். அடியில் பார்த்தால் போர்டு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பேட்டரி உப்பி, இடமில்லாமல், போர்டை நெம்பியிருக்கிறது. விரிசல் மெமரி சில்லின் மேலேயே போயிருந்தது. சார்ஜரில் போட்டுப் பார்த்தேன். வேறு பேட்டரியிலிருந்து வயர் பிடித்துப் பார்த்தேன். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "போர்டு போயிருச்சுன்னா டேட்டாவும் போச்சுங்க மேடம்" என்றார்கள். லேப்டாப்பாக இருந்திருந்தால், எவ்வளவு நனைந்திருந்தாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டி, பத்தே நிமிடத்தில் இருநூற்று எண்பது பக்கத்தையும் அவள் கையில் கொடுத்திருப்பேன்.

நாலரைக்கு முதலாளி வந்தார். ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். புஷ்பா கடை போனிலிருந்து கம்பெனிக்குப் பேசினாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். நாங்களே ஒரு லேப்டாப் இரவல் தருகிறோம் என்று சொல்லச் சொன்னேன், சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். அடுத்த பேட்ச் என்று ஒன்று வரவே இல்லை.

கதிரேசன் படியேறி உள்ளே வந்தார். "நீங்க சொன்னாப்லதாங்கம்மா வச்சேன். ரெண்டு மொழம் தள்ளிதான். சூடு கூடிப்போச்சுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்ல வேண்டும். எவ்வளவு சூடாக இருந்தாலும் தப்புதான், அதைச் சூட்டுப் பக்கமே கொண்டு போகக் கூடாது, சொன்னவள் நான் என்று சொல்ல வேண்டும். சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன. முதலாளி "சரோஜா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

பின்னறையில் அவர் குரலை உயர்த்தவில்லை. "வாங்கின அத்தனை பேருக்கும் நாம இதையே சொல்லி அனுப்பியிருக்கோமுங்க. இவருகிட்ட ஒத்துக்கிட்டா, நனைஞ்சு போன அத்தனையும் நம்ம வாசல்ல வந்து நிக்கும். இந்த வருசம் கடை தாங்காதுங்க. கடை இல்லீன்னா நீங்களும் இல்லீங்க." பிறகு, "பழைய லேப்டாப் ஒண்ணு இருக்குது. சும்மா குடுத்தனுப்பிரலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எதிர்த்துப் பேசச் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் முதலாளிதான் கதிரேசனிடம் சொன்னார். "ஆமாங்க. சூடு கொஞ்சம் கூடிருச்சுங்க." நான் கவுன்டரில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

புஷ்பா அப்பா பக்கம் திரும்பினாள். "கைய நீட்டியே சொல்லிருவேன், சொல்லிருவேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. பழைய லேப்டாப்பை வாங்க மாட்டேன் என்று முன்னால் நடந்துவிட்டாள். கதிரேசன் எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். "ஒங்களுக்குத்தாங்க ரொம்ப செரமம் குடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கும்பிட்ட கையை இறக்கும்போது வலது கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கழட்டிமாட்டி வாங்கிய மற்ற எல்லோருக்கும் போன் போட்டு, டிரையர் யோசனை அதற்கு ஆகாது, மறந்துவிடுங்கள் என்று சொன்னேன். அத்தனை பேரிடமும் சொல்ல முடிந்தது. கதிரேசன் நம்பரும் அதே பில் புத்தகத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாலு வருடம் வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, "சரோஜாம்மா கைராசி" என்று முதலாளி பேசினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. இனி என் வேலையை யாரும் பறிக்க முடியாது என்ற தைரியம் வந்த பிறகுதான், நாலு வருடம் கழித்துதான், அந்த நம்பருக்குப் போன் போட்டேன். இதை எழுதவே கூசுகிறது. எடுத்தவர் கதிரேசன். திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார். பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பத்து அறை, அதில் ஒன்று அவர்களுடையது. மலையில் இருந்த லயத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே வெக்கை. கதிரேசன் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். இளைத்திருந்தார். மனைவியும் புஷ்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்து தானே டீ போட்டார்.

டீயைக் குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். எதையும் பூசி மெழுகவில்லை. விட்டுப்போன வரி, பேட்டரி, பின்னறைப் பேச்சு, எல்லாம்.

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "அப்ப சூடு கூடலீங்களா?"

"இல்லீங்க. எத்தனை கொறைவா வெச்சிருந்தாலும் அது அப்படித்தான் ஆயிருக்கும். யார் வெச்சிருந்தாலும்."

"எங் கை சரியாத்தான் பாத்துச்சா?"

"சரியாத்தாங்க பாத்துது."

தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மாசமே இஸ்டோருல ஆள் கொறைச்சாங்கம்மா. டீ மேக்கரு என்னய நிறுத்திக்கிறேன்னுதான் சொன்னாரு. நான்தான் எம் பேர எழுதிக்கங்கன்னுட்டேன். புள்ளையோட சாமானுக்கே சூடு பாக்கத் தெரியாதவன், எஸ்டேட்டு தூளுக்கு என்னா பாக்கப்போறேன்னு நெனச்சேன். கைய நீட்டவே பயமாப் போச்சு." பிறகு, "இப்பவும் அந்த இஸ்டோரு ஓடுதுங்களாம். எனக்கு அடுத்து இருந்த பையன்தான் டிரையர் பாக்குறானாம்" என்றார்.

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

"புஷ்பா வரட்டுங்க. அவகிட்டயும் நானே சொல்லிர்றேன்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "வேணாங்கம்மா. ரெண்டு வருசம் அவ எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. ஒரே ரூமுக்குள்ள ரெண்டு வருசம். அதுக்கப்பறந்தான் கொஞ்சங் கொஞ்சமா அப்பான்னு கூப்புட ஆரம்பிச்சா. நீங்க போயி அப்பா மேல தப்பில்லன்னு சொன்னீங்கன்னா, அந்த ரெண்டு வருசத்த நெனச்சு நெனச்சே அவ செத்துருவா. தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பழகிருச்சு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புஷ்பா. தலையிலும் சட்டையிலும் பனியன் துணியின் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்றாள், பிறகு "அய்யோ, கடை அக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சோறு ஆக்கிவிட்டுத்தான் அனுப்புவேன் என்றாள். கூட வந்திருந்த தோழியிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லல, எங்கப்பா கம்ப்யூட்டர வறுத்து எடுத்தாருன்னு? அது இவங்க கடையில வாங்குனதுதான்டி" என்றாள்.

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். கதிரேசனும், "ஆமா, கொஞ்சம் பதம் தப்பிப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன்.